368 அடி ஆழத்து அலங்காரமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணக் கட்டுரை, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் உள்ள ஸ்டோக் ரோ கிராமத்தை ஒரே வரியில் கடந்துவிட்டது: இந்திய மகாராஜா ஒருவர் கட்டிய அலங்காரக் கிணறு அங்கே இருக்கிறதாம். அந்த ‘அலங்காரம்’தான் உறுத்துகிறது.

மழைக்குக் குறைவில்லாத நாட்டில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கிராமம் இருக்கும் சில்டர்ன் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை அத்தனையும் உள்ளே இறங்கிவிடும். மேட்டில் இருந்த ஸ்டோக் ரோ மக்கள், களிமண் வெட்டிய குழிகளில் தேங்கிய கலங்கலைத்தான் நம்பியிருந்தார்கள். வீட்டில் இருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக ஒரு சிறுவன் தாயிடம் அடி வாங்கினான். அதே வட்டாரத்துக்காரரான எட்வர்ட் ரீட், இந்தியாவில் அதிகாரியாக இருந்தபோது இந்தச் செய்தியைக் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் சொன்னார். இந்தியாவில் ஆசம்கர் ஊர் மக்களுக்கு ரீட் முன்பு கிணறு வெட்டிக் கொடுத்தவர். மகாராஜா இரண்டையும் மறக்கவில்லை.

அவர் செலவில் ஸ்டோக் ரோவில் 1863-ல் கிணறு தோண்டத் தொடங்கி, 1864 மே 24 அன்று, விக்டோரியா ராணியின் பிறந்தநாளில் திறந்தார்கள். ஆழம் 368 அடி. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைத் தலைகீழாக இறக்கினாலும் சிலுவை முனை தரை தொடாது (வாய் நான்கே அடி அகலம், தேவாலயம் நுழையாது என்பது வேறு விஷயம்). அத்தனையும் கையால் தோண்டியது. ஒரு வாளி மேலே வரவே பத்து நிமிடம் இராட்டைச் சக்கரத்தைச் சுற்ற வேண்டியிருந்தது. அந்தச் சக்கரத்துக்கு மேலே, குவிமாடத்தின் கீழே, தங்க வண்ணத்தில் ஒரு யானை நிற்கிறது. கட்டுரையாளரின் கண்ணில் பட்டது அது மட்டும்தான் போலிருக்கிறது.

நான் போனபோது யானையைவிட என்னை நிறுத்தி வைத்தது பக்கத்தில் இருக்கும் தோட்டம். கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பதுபோல, கிணற்றின் பராமரிப்புக்காக அங்கே செர்ரித் தோப்பு வைத்தார்கள். பழம் விற்ற காசு கிணற்றுக்கு. காவல்காரருக்கு எண்கோண வடிவில் ஒரு குட்டி வீடு. ஊராருக்குத் தண்ணீர் இலவசம். வெறும் அழகுக்குக் கட்டுகிறவர் இவ்வளவு யோசிப்பாரா?

1964-ல் நூற்றாண்டு விழாவுக்கு இளவரசர் பிலிப் வந்தார். கங்கை நீரைக் கொண்டுவந்து கிணற்றில் ஊற்றினார்கள்.

அந்தப் பயணத் தொடர் நூலாகும்போதாவது ‘அலங்கார’ என்பதை எடுத்துவிட்டு, ‘368 அடி’ என்று போடச் சொல்லுங்கள்.

– வாசகி, ரெடிங்