மீன்கடை ஃபிரீசரில் கிடந்த கம்பளத்துக்காக ஒரு நன்றி

ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து அண்ணாமார், அக்காமார், அன்ரிமார் எல்லோருக்கும் வணக்கம்.

கண்காட்சி முடிந்து, இரவல் வாங்கிய கடைசிப் பொருளையும் உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் எங்கள் குழு ஏற்கெனவே நன்றி எழுதிவிட்டது. அதில் 'எங்கள் தமிழ் அயலவர்கள்' என்று ஒரேயொரு வரி. அந்த வரிக்குள் எத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று எனக்குத்தானே தெரியும், அதனால் இது தனியாக, தமிழில்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: நான் சனி ஞாயிறுகளில் தொண்டராகப் போகும் சின்ன அருங்காட்சியகத்தில், பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸை ஒட்டி ஆறு வாரம் பாரசீகக் கலைப்பொருட்கள் வைத்திருந்தோம். அரசவை ஓவியம் பார்க்க ஆசைப்பட்டால் ரொறன்ரோவிலேயே ஆகா கான் அருங்காட்சியகம் இருக்கிறது, 2014இல் திறந்தது, ஈரான் மன்னர் ஷா தஹ்மாஸ்ப் காலத்தில் எழுதிய ஷாநாமே என்ற மன்னர் காவியப் பிரதியின் பேர்பெற்ற ஓவிய ஏடு ஒன்று அங்கே உண்டு. அதோடு நாங்கள் போட்டி போட முடியுமா? எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு. 1979 ஈரான் புரட்சிக்குப் பிறகு ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் சூட்கேசில் எதை வைத்து மூடினார்கள் என்பதுதான். யஸ்த் நகரத்துத் தெர்மே துணி, இஸ்ஃபஹான் எனாமல் தட்டு, மரமும் எலும்பும் பித்தளையும் பொடிப்பொடி முக்கோணமாகப் பதித்த ஷிராஸ் பெட்டி, இரண்டு கம்பளங்கள். பாரசீகம் பேசும் ஒரு ஆப்கான் குடும்பம் ஏழு உலர்பழங்களை ஊறவைத்த ஹஃப்த் மேவா கிண்ணத்தோடு வந்த பிறகு, தலைப்பில் 'ஈரான்' என்று போடுவது சரியில்லை, 'பாரசீகம்' என்றே போடுவோம் என்று முடிவாயிற்று. அந்த விவாதம் மூன்று கூட்டம் நடந்தது, அதை இங்கே இழுக்கவில்லை.

முதல் நன்றி மீன்கடை அண்ணாவுக்கு. சிரிக்காதீர்கள். வீட்டில் கிடந்த கம்பளத்தை அப்படியே காட்சிக்கூடத்துக்குள் கொண்டுவர முடியாது, ரோமத்துக்குள் அந்துப்பூச்சி முட்டை இருந்தால் மற்றப் பொருட்களும் போய்விடும். மருந்து அடிக்காமல் அதைக் கொல்ல ஒரு வழி, பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது ஒரு வாரம் போட்டு வைப்பது. பெரிய அருங்காட்சியகங்களில் அதற்கென்றே உறைபெட்டி இருக்கும், எங்களிடம் இருந்தது பால் வைக்கும் பிரிஜ் மட்டும். அண்ணாவிடம் கேட்டபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "தம்பி, மீன் மணம் பிடிச்சா அவை என்னைப் பேசுவினமோ?" பாரை மீன் பெட்டிகளை ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு கம்பளத்தையும் நீட்டி வைத்துவிட்டு, தன் பிள்ளைகளைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது என்று அட்டை வேறு எழுதி ஒட்டினார். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பொலித்தீனைப் பிரிக்கக்கூடாது, ஈரம் வெளியேதான் படிய வேண்டும். அதையும் அவர்தான் எனக்கு இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். மணம் பிடிக்கவில்லை. நானே முகர்ந்து பார்த்தேன்.

கம்பளத்தை மடிக்கக்கூடாது, ரோமப் பக்கம் வெளியே இருக்க, உருளையில் சுற்றத்தான் வேண்டும். உருளைக்கு எங்கே போவது? சீலைக்கடை அன்ரி, துணி சுற்றி வரும் அட்டைக் குழாய்கள் எட்டைத் தன் காரின் யன்னலால் நீட்டிக்கொண்டு வந்து இறக்கினார். சட்டை தைக்கும் அக்கா ஒருவர், கம்பளத்தைச் சுவரில் தொங்கவிடுவதற்காகப் பின்பக்கம் காடாத்துணிப் பட்டையைக் கையாலேயே தைத்தார், மூன்று இரவு. முடிச்சு நூல்களுக்கு நடுவே ஊசி போக வேண்டும், நூலைக் குத்திக்கொண்டு போகக்கூடாது. தைத்துக்கொண்டே அவர் பின்பக்கத்தைப் பார்த்துச் சொன்னார்: "இஞ்ச பாருங்கோ, இந்த மூலையில வேறொருத்தி இருந்து கட்டியிருக்கிறா, கை இறுக்கமா இருக்கு." கம்பளச் சொந்தக்காரர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். நாற்பது வருடமாக அவர் வீட்டில் கிடந்த கம்பளம், அந்த வித்தியாசத்தை அவர் அன்றுதான் கண்டார்.

அந்த ஐயாவைப் பற்றி ஒரு கதை. முதல் நாள் அவர் வீட்டில் கம்பளத்தைப் பார்த்து "என்ன வடிவு!" என்றேன். அவர் உடனே நெஞ்சில் கைவைத்து "பிஷ்கெஷ்" என்றார். உங்களுக்கே கொடுத்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நானும் மகிழ்ந்துபோய், அருங்காட்சியகத்துக்கே கொடையாகத் தருகிறார் என்று குழுவில் அறிவித்துவிட்டேன்! அவருடைய மகள்தான் பிறகு தொலைபேசியில் மெதுவாக விளக்கினாள், அது தாரோஃப், உபசாரப் பேச்சு, நீங்கள் இரண்டு மூன்று தடவை மறுக்க வேண்டும் என்று. நம்முடைய பாளையக்காரர் வரலாற்றில் நவாபுக்குக் கட்டிய 'பேஷ்கஷ்' இதே சொல்தான். அங்கே அது கட்டாயம், இங்கே வெறும் மரியாதை. ஐயா, என்னை மன்னித்ததற்கும், அதன் பிறகும் கம்பளத்தைத் தந்ததற்கும் நன்றி.

கூடத்தில் இருட்டு என்று குறைப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. சாயத்துக்கு வெளிச்சம் எமன். லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அர்தபில் கம்பளம், 1539-40இல் முடித்ததென்று தன்மேலேயே ஆண்டு பொறித்தது, அதற்கே அரைமணிக்கு ஒருதரம் பத்து நிமிடம்தான் விளக்குப் போடுகிறார்கள். இருட்டில் பொறுமையாக நின்று பார்த்தவர்களுக்கும் நன்றி, நிற்காமல் போனவர்களோடும் கோபமில்லை.

விளக்க அட்டைகள் அச்சாகி வந்த நாளை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பாரசீக எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல், இடமிருந்து வலமாகத் தலைகீழாக வரிசைகட்டி நின்றன. அச்சகத்தில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பத்திரிகை வடிவமைக்கும் தம்பி ஒருவர், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகத் தமிழ் சிதறுவதைப் பார்த்தே நரைத்தவர், "இது எங்கட வருத்தம்தான்" என்று இரவோடிரவாக முழுவதையும் சரிப்படுத்தினார். ஒரு சதமும் வாங்கவில்லை.

தமிழும் பாரசீகமும் ஒரே சுவரில் எதற்கு என்று கேட்டவர்களுக்காகத்தான் இலங்கையின் காலி நகரத்தில் கிடைத்த கல்வெட்டின் படம். சீனத் தளபதி செங் ஹே 1409 என்று நாளிட்டு இலங்கைக்குக் கொண்டுவந்த கல், சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்துக்குக் காணிக்கை. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது, இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில். அந்தப் படத்துக்கு முன்னால் ஈரானியப் பையன்கள் கூட்டமாக நின்று செல்ஃபி எடுத்தார்கள். யோசனை சொன்ன ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியருக்குக் கோடி புண்ணியம்.

கடைசியாக அம்மம்மாவுக்கு, யாருடைய அம்மம்மா என்று நான் சொல்லத் தேவையில்லை. நவ்ரூஸுக்கு வைக்கும் ஹஃப்த் சீன் மேசையில், பாரசீகத்தின் 'சீன்' (ஸ) எழுத்தில் பெயர் தொடங்கும் ஏழு பொருட்கள், உள்ளி, அப்பிள், வினாகிரி என்று. தட்டில் முளைத்து நின்ற கோதுமையைக் கண்டதும் அவர் "உது முளைப்பாலிகை எல்லே" என்றார். பக்கத்தில் இருந்த ஈரானிய மூதாட்டிக்கு ஆங்கிலமும் அவ்வளவு வராது. பதின்மூன்றாம் நாள் அதை ஓடும் தண்ணீரில் விடுவார்கள் என்று அந்தப் பாட்டி கையாலேயே காட்ட, இவர் தலையாட்டித் தானும் தண்ணீரில் விடுகிற மாதிரிக் காட்ட, இருவரும் அரைமணி நேரம் அப்படியே கதைத்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான் என் பங்கு. வருடம் பிறக்கிற நேரத்தை நொடி பிசகாமல் ஈரானியர்கள் ஒன்றாகக் காத்திருப்பதைச் சொன்னபோது மட்டும், "எங்களுக்கு வாக்கியம் ஒரு நேரம், திருக்கணிதம் ஒரு நேரம்" என்று சலித்துக்கொண்டார்.

பெயர் சொல்லாமல் விட்டது நீங்கள் எல்லோரும் சொல்லாதே என்றதால்தான். அட்டைக் குழாய்கள் எட்டும் இன்னும் என் கராஜில் கிடக்கின்றன. கொண்டுவரட்டுமா என்று அன்ரியிடம் கேட்டேன், "வேண்டாம், நீங்களே வைச்சிருங்கோ" என்கிறார். இது தாரோஃபா, உண்மையா? மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டு, சனிக்கிழமை கடைக்கு வருகிறேன்.