சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களை நடத்துறவங்களுக்கு: கொஞ்சம் நோடை காத்திருக்க விடுங்க

வணக்கம்.

சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களை நடத்துறவங்க, க்யூ பாலிசி (எந்த வேலை எப்ப ஓடணும்ங்கிற வரிசை விதி) முடிவு பண்றவங்க, அந்த மையங்களுக்கு நிதி ஒதுக்குறவங்க, உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதறேன். கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மெஷின்ல ஒரு சின்ன பகுதியை, ஆள் எதிர்ல உக்காந்து பண்ற வேலைக்கும், உடனே பதில் வந்தாதான் பிரயோஜனம்ங்கிற பரிசோதனைகளுக்கும்னு தனியா எடுத்து வைங்க. அந்த நோடுங்க (மெஷின்ல சேர்ந்திருக்கிற தனித்தனி கம்ப்யூட்டருங்க) சில நேரம் சும்மா இருந்தாலும் பரவாயில்லைன்னு முடிவு எடுங்க.

ஏன்னு சொல்றேன். ஒரு ஆராய்ச்சி மாணவி தன்னோட சிமுலேஷன் கோடுல ஒரு மாத்தம் பண்றாங்க, அது 16 நோடுல சரியா ஓடுதான்னு பாக்கணும். வேலையை வரிசையில சேர்க்கற எஸ்-பேட்ச் கமாண்டைக் கொடுத்தா அந்த வேலை, அதாவது ஜாப், க்யூல போய் உக்காந்துக்கும். ஸ்டேட்டஸ் பாத்தா பெண்டிங் (இன்னும் ஆரம்பிக்கல), காரணம் பிரையாரிட்டின்னு (மத்த ஜாபுங்க முன்னாடி இருக்கு) காட்டும், சாயங்காலம் பாத்தாலும் அதே பிரையாரிட்டிதான், மறுநாள் காலையில பாத்தா ஜாப் ஆரம்பிச்சு முதல் நிமிஷத்துலயே ஏதோ ஒரு லைப்ரரி கிடைக்கலன்னு நின்னு போயிருக்கும். சரி பண்ண ரெண்டு நிமிஷம் போதும், ஆனா திரும்ப க்யூவோட கடைசியில போய் நிக்கணும். சரி, இன்டராக்டிவாவே, அதாவது நோடை கையில வாங்கி நேரா கமாண்டு அடிக்கலாம்னு எஸ்-அலாக் போட்டா அதுவும் அதே க்யூதானே, ராத்திரி மூணு மணிக்கு நோடு கிடைக்குது, அவங்க தூங்கிட்டு இருக்காங்க, ரெண்டு மணி நேரம் 16 நோடும் யாரும் ஒரு கமாண்டு கூட அடிக்காம அப்படியே முடிஞ்சு போகுது, அவங்க ஒதுக்கீட்டுலயும் அந்த நேரம் கழிஞ்சிடுது. உங்க மாசாந்திர ரிப்போர்ட்ல மட்டும் அந்த ரெண்டு மணி நேரமும் யூட்டிலைசேஷன்னு (மெஷின் எவ்வளவு பயன்பட்டுச்சுங்கிற கணக்கு) சேரும். நோடு அலாட் ஆச்சு, ஆனா அங்க ஒரு கணக்கும் நடக்கல. இந்த எண்ணை வச்சுதான் நீங்க மேல இருக்கறவங்ககிட்ட பதில் சொல்றீங்க, அடுத்த மெஷினுக்கு நிதியும் கேக்கறீங்க, அது எனக்குத் தெரியும், அதனாலதான் இதை உங்ககிட்டயே சொல்றேன்.

யூட்டிலைசேஷன் 95 சதவீதத்துக்கு மேல போகணும்னு துரத்துறோம் இல்லையா, அதுக்கு யாரு விலை கொடுக்கறாங்கன்னும் பாக்கணும். க்யூயிங் தியரியில இருக்கறதுலயே எளிமையான மாடலை எடுத்துக்கங்க. மெஷின் 80 சதவீதம் பிஸியா இருந்தா ஒரு ஜாப் சராசரியா தன்னோட ஓடுற நேரத்தைப் போல 4 மடங்கு காத்திருக்கும், 90ல 9 மடங்கு, 95ல 19 மடங்கு. நிஜ கிளஸ்டர்ல பேக்ஃபில் (காலி இடைவெளியில சின்ன ஜாபை நுழைக்கிறது) இருக்கு, நூத்துக்கணக்குல நோடு இருக்கு, எண்ணு அப்படியே பொருந்தாது, ஆனா வளைவு இதே மாதிரிதான் கடைசியில செங்குத்தா ஏறும். அந்தக் கடைசி சில சதவீதத்துக்காக மனுஷங்களோட நாள் கணக்கான நேரம் போகுது, அந்த நேரத்தை எந்த டாஷ்போர்டும் காட்டறதில்ல.

இதைவிட முக்கியமா நான் நினைக்கறது பரிசோதனைக் கூடங்களை. சான் டியேகோல இருக்கிற டி.த்ரீ-டி ஃப்யூஷன் (அணுக்கருவை இணைக்கிற) இயந்திரத்துல ஒரு ஷாட், அதாவது பிளாஸ்மாங்கிற மின்னூட்டம் ஏறின சூடான வாயுவை ஒரு தடவை உருவாக்கிப் பாக்கறது, சில வினாடிதான், அதுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவுல சுமார் 10, 15 நிமிஷம் கிடைக்கும். அதுக்குள்ள போன ஷாட்ல பிளாஸ்மா எப்படி நடந்துக்கிச்சுன்னு தெரிஞ்சா அடுத்த ஷாட்டோட செட்டிங்கை மாத்தலாம், தெரியலைன்னா அனுமானத்துலதான் போகணும். அங்க பிளாஸ்மாவோட சமநிலையைக் கணக்கு போடுற ஒரு வேலையை அமெரிக்காவோட நெர்ஸ்க் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்துல இருக்கிற பெர்ல்மட்டர் மெஷினோட இணைச்சு, 60 நிமிஷம் ஆனதை 11 நிமிஷத்துக்குக் கொண்டு வந்தாங்க. 60 நிமிஷத்துல வர்ற விடையும் 11 நிமிஷத்துல வர்ற விடையும் ஒரே விடைதான், ஆனா முதல்ல சொன்னது வர்றதுக்குள்ள நாலஞ்சு ஷாட் போயிருக்கும். அதே 11 நிமிஷ கணக்கு ஆறு மணி நேரம் க்யூல நின்னுச்சுன்னா அவ்வளவு உழைச்சு வேகப்படுத்துனதுக்கு அர்த்தமே இல்ல.

கலிஃபோர்னியாவோட ஸ்லாக் ஆய்வகத்துல இருக்கிற எல்.சி.எல்.எஸ் எக்ஸ்ரே லேசரும் அப்படித்தான். முன்னாடி வினாடிக்கு 120 பல்ஸ், 2023 செப்டம்பர்ல முதல் ஒளி கொடுத்த புது லேசர் வினாடிக்கு பத்து லட்சம் பல்ஸ் வரைக்கும் போக முடியும். ஒரு குழுவுக்கு சில நாள்தான் பீம் டைம் (லேசரைப் பயன்படுத்துற நேரம்) கிடைக்கும், அதுக்காக மாசக்கணக்குல காத்திருந்து வந்திருப்பாங்க. சாம்பிள் சரியா இருக்கா, டிடெக்டர்ல வர்றது நிஜ சிக்னலா இல்ல அர்த்தமில்லாத கலப்படமான்னு அங்க நிக்கும்போதே தெரியணும், ஊருக்குப் போய் ஒரு வாரம் கழிச்சு தெரிஞ்சா அந்தப் பரிசோதனையைத் திரும்பப் பண்ண வழி கிடையாது. அப்புறம் வானம் இருக்கு. 2017 ஆகஸ்ட் 17ல ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் மோதின ஈர்ப்பு அலை வந்துச்சு, அது முடிஞ்சு 1.7 வினாடியில காமா கதிர் வெடிப்பு, சுமார் 11 மணி நேரத்துல அதோட வெளிச்சத்தை தொலைநோக்கில கண்டுபிடிச்சாங்க, அந்த வெளிச்சம் சில நாள்லயே மங்கிப் போச்சு. வானத்துல எந்தப் பக்கம் தேடணும்ங்கிற கணக்கு முதல்ல வந்தாதான் யாராவது தொலைநோக்கியைத் திருப்ப முடியும். இதுக்கெல்லாம் கெடுவை வைக்கிறது நாம இல்ல, நம்ம க்யூவுக்காக அது தள்ளியும் போகாது.

இது முடியாத காரியம்னு யாரும் சொல்ல முடியாது, பண்ணிக் காட்டியிருக்காங்க. நெர்ஸ்க்ல ரியல்டைம்னே ஒரு தனி க்யூ இருக்கு, தேவையை எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும். அது இல்லாம எல்லாருக்குமா ஒரு இன்டராக்டிவ் க்யூவும் வச்சிருக்காங்க, கொஞ்சம் நோடு, நாலு மணி நேரம், உடனே கிடைக்கும். எம்.ஐ.டி லிங்கன் லேபரட்டரி மையம் ஆரம்பத்துல இருந்தே இன்டராக்டிவ்தான் முக்கியம்னு கட்டினாங்க, 2018ல அவங்க வெளியிட்ட கணக்குப்படி 32,000 டென்சர்ஃப்ளோ (மெஷின் லேர்னிங் மென்பொருள்) பிராசஸை 4 வினாடியில கிளப்பி விட்டிருக்காங்க. எப்படின்னு பாத்தா அதுல பெரிய மந்திரம் எதுவும் இல்ல, ஷெட்யூலரை (க்யூவை நடத்துற மென்பொருளை) அதுக்குத் தகுந்த மாதிரி ட்யூன் பண்ணாங்க, அப்ளிகேஷனோட காப்பியை ஒவ்வொரு நோடோட லோக்கல் டிஸ்க்லயும் முன்கூட்டியே போட்டு வச்சாங்க. பைத்தான்ல லைப்ரரியை ஏத்துற ஒரு இம்போர்ட் போட்டா ஆயிரக்கணக்கான சின்ன ஃபைலைத் திறக்கும், ஆயிரம் நோடுல இருந்து ஒரே நேரத்துல அதைக் கேட்டா எல்லா நோடும் பகிர்ந்துக்கற ஃபைல் சிஸ்டமான லஸ்டரோட மெட்டாடேட்டா சர்வர் திணறிடும், நோடு கிடைச்சும் ஓட ஆரம்பிக்காம நிக்கறது பல நேரம் இதனாலதான். நோடு ஒதுக்கிட்டா மட்டும் போதாது, இதையும் பாருங்கன்னுதான் சொல்றேன்.

நோடு சும்மா கிடக்குமேங்கிற கவலைக்கும் வழி இருக்கு. ஒதுக்கி வச்ச நோடுல, எப்ப வேணா நிறுத்தலாம்ங்கிற ஜாபுங்களை ஓட விடுங்க, அவசர வேலை வந்ததும் ஸ்லர்ம்ங்கிற ஷெட்யூலரோட ப்ரீஎம்ப்ஷன் வசதி அதுங்களை வெளிய அனுப்பிடும், செக்பாயின்ட் (விட்ட இடத்துல இருந்து தொடர சேமிச்சு வைக்கிறது) எழுத கொஞ்சம் நேரம் கொடுத்தா போதும். செக்பாயின்ட் எழுதத் தெரிஞ்ச கோடு வச்சிருக்கறவங்களுக்கு மணிக்கணக்கை பாதி விலைக்குக் கொடுத்தா அவங்களே வரிசையா வருவாங்க. அப்ப நீங்க நிஜமா இழக்கறது ரொம்பக் கம்மி.

நியாயம் பத்தின கேள்வி வரும், வரணும். சிலருக்கு மட்டும் முன்வரிசையான்னு பேட்ச்ல (க்யூல கொடுத்துட்டு காத்திருக்கற முறை) மாசக்கணக்கா ஓட்டுறவங்க கேட்பாங்க. அவங்களுக்கும் இது உதவும்னு நான் உறுதியா நம்பறேன். 2,000 நோடுல ஒரு தப்பான இன்புட்டோட ஓடி வீணாப் போற ஜாபை, அதுக்கு முன்னாடி நாலு நோடுல பத்து நிமிஷம் பாத்திருந்தா தடுத்திருக்கலாம். ஆளுக்கு ஒரு செஷன், நேரக் கட்டுப்பாடு, அரை மணி நேரம் ஒண்ணும் நடக்கலைன்னா நோடை திரும்ப எடுத்துக்கறதுன்னு விதி போடுங்க, நாங்க ஏத்துக்கறோம். ரியல்டைம் அனுமதியை எந்தப் பரிசோதனைக்கு, எதுக்காகக் கொடுத்தீங்கன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி போடுங்க.

பாதுகாப்புக் குழுவுக்கும் ஒரு வார்த்தை. கம்ப்யூட் நோடுல ஜூபிடர் நோட்புக் (பிரவுசர்லயே கோடு எழுதி ஓட்டுற மென்பொருள்) திறக்க ரெண்டு அடுக்கு டன்னல் (பாதுகாப்பான இணைப்பு வழி) போட வேண்டியிருக்கு, அதுக்கு இன்டர்நெட்ல பாத்த கமாண்டை அர்த்தம் புரியாம ஒட்டுறாங்க, பாஸ்வேர்டு இல்லாத நோட்புக்கை போர்ட்ல திறந்து விட்டுடறாங்க. வழியை நீங்களே சரியாப் போட்டுக் கொடுத்தா இந்த ஆபத்து குறையும். ஒஹையோ சூப்பர் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பிச்ச ஓப்பன் ஆன்-டிமாண்ட்ங்கிற மென்பொருள் ஓப்பன் சோர்ஸ்தான், பிரவுசர்ல லாகின் பண்ணா ஜூபிடர் வரும், எந்த மையமும் எடுத்து நிறுவிக்கலாம்.

1961ல பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவரோட குழுவும் எம்.ஐ.டில டைம் ஷேரிங் சிஸ்டத்தை ஓட்டிக் காட்டினாங்க. அதுக்கு முன்னாடி அட்டையில துளை போட்டு கொடுத்துட்டுப் போகணும், விடை அடுத்த நாள் வரும், ஒரு கமா விட்டுப் போயிருந்தா மறுபடி ஒரு நாள். ஒரு மெஷினை பல பேர் டெர்மினல்ல உக்காந்து பகிர்ந்துக்க முடியும்னு அவங்க காட்டினதுக்கு அப்புறம் இவ்வளவு வருஷம் ஆகியும், உலகத்துலயே வேகமான மெஷின்கள்ல வேலை பாக்கறவங்க மட்டும் இன்னும் மறுநாள் காலைக்காக காத்திருக்கோம்.

அதனால அடுத்த பராமரிப்பு நாள்ல க்யூவை மாத்தி அமைக்கும்போது நூத்துல ரெண்டு நோடை மட்டும் ஆறு மாசத்துக்கு இதுக்குன்னு வச்சுப் பாருங்க. இன்டராக்டிவ் கேட்டவங்க எத்தனை நிமிஷம் காத்திருந்தாங்கங்கிற எண்ணையும் யூட்டிலைசேஷனுக்குப் பக்கத்துலயே ரிப்போர்ட்ல போடுங்க, எங்ககிட்ட என்ன டேட்டா வேணுமோ கேளுங்க, எடுத்துத் தர்றோம்.

இப்படிக்கு,
உங்க மெஷினை நம்பி வேலை பாக்கற ஒரு பயனாளர்