மிளகை மறுபடியும் கீழே கொண்டுவரச் சொல்லாதீர்கள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நேற்று மாலை கதவிடுக்கில் செருகியிருந்த இரண்டாவது நோட்டீஸைப் பார்த்தேன். செல்லப்பிராணி வைத்திருப்பவர்கள் வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அலுவலகத்தில் அவற்றை நேரில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், தவறினால் 500 ரூபாய் அபராதம். போன தடவை என் பூனை மிளகை நான் கொண்டுவந்தது உங்களுக்கே தெரியும். பதிவேட்டுச் சாவியை வைத்திருந்தவர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டதால் ஒரு வரிகூட எழுதாமல் திருப்பி அனுப்பியதும் தெரியும். சரி, நான் மறுபடி வருகிறேன். மிளகு வர மாட்டாள்.

நீங்கள் யாரும் அவளைச் சரியாகப் பார்த்திருக்க முடியாது. கூடையின் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை, அவ்வளவுதான் தெரிந்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் ஒரு மதில்மேல் இரண்டு நாள் நின்றவளைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, வருகிறவர்கள் எல்லோரும் குட்டிதான் கேட்கிறார்கள். ஆளைக் கண்டதும் சீறிக்கொண்டு அட்டைப்பெட்டிக்குள் ஓடுகிற வளர்ந்த பூனையை யார் கேட்பார்கள்? நானும் குட்டி பார்க்கத்தான் போனேன், அதை இங்கே மறைப்பானேன்.

காப்பகத்தில் சொல்லித்தான் கொடுத்தார்கள்: ஒரே ஒரு அறை போதும், ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி வையுங்கள், நீங்களாகப் போய்த் தூக்காதீர்கள், அவளாக வரட்டும். பெட்டி ஏதோ செல்லம் கொடுக்கிற விஷயம் என்று நினைத்தேன். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்குப் பெட்டி கொடுத்தும் சிலவற்றுக்குக் கொடுக்காமலும் பார்த்திருக்கிறார்கள், பெட்டி கிடைத்தவை சீக்கிரமே பதற்றம் தணிந்தனவாம். அதைப் படித்த பிறகு பழைய டிவி வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததற்காக என் அம்மாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

முதல் பதினோரு நாள் ஆளையே காணோம். காலையில் தட்டு காலியாக இருக்கும், மணல் தொட்டியில் காலடி இருக்கும், அவளுக்கும் எனக்கும் அவ்வளவுதான் பழக்கம். என் குரல் பழகட்டும் என்று தினமும் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பேன், தங்கம் விலை உட்பட. பக்கத்து வீட்டு மாமி, யாரோடு பேசுகிறாய் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். நாற்பத்தேழாவது நாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது கணுக்காலில் மெத்தென்று ஏதோ முட்டியது. நான் திரும்பவில்லை. பாதி நறுக்கிய பீன்ஸும் கையில் கத்தியுமாக அப்படியே இருந்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எழுந்திருக்கவில்லை.

அதற்கு ஆறாவது நாள்தான் உங்கள் முதல் நோட்டீஸ்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். பொதுக்குழுவுக்காக மைக் டெஸ்ட் செய்துகொண்டிருந்தார்கள், ஸ்பீக்கர் கூவியதில் நாமே காதைப் பொத்திக்கொண்டோம். நமக்குக் கேட்கிற கூர்மையான ஒலி 20 கிலோஹெர்ட்ஸோடு சரி, பூனைக்கு 60-ஐத் தாண்டியும் கேட்கும். நாலு நாய்கள் வேறு வரிசையில் நின்றன, பாவம் அவற்றைக் குற்றம் சொல்லவில்லை. யாரோ ஒரு பையன் கூடையைத் தட்டித் தட்டிப் பார்த்தான், 'உள்ளே இருக்கா இல்லையா' என்று. நாற்பது நிமிடம் கழித்து, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றீர்கள். வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தால் அடியில் விரித்திருந்த துண்டு முழுக்கச் சிறுநீர். கட்டிலுக்கடியில் சூட்கேஸுக்கும் சுவருக்கும் நடுவே போனவள் இரண்டரை நாள் ஒரு வாய் சாப்பிடவில்லை. பூனை தொடர்ந்து சில நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் போனில் சொன்னார், அன்று ராத்திரி தூங்கவில்லை. இப்போது மறுபடி தினமும் தங்கம் விலை படித்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன், அவளை நேரில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். ரேபிஸ் ஊசி போட்ட சான்றிதழ், கருத்தடை செய்த சான்றிதழ், போட்டோ எல்லாம் தருகிறேன். சென்னை மாநகராட்சியே செல்லப்பிராணி உரிமத்துக்கு இணையத்தில் விண்ணப்பம் வாங்குகிறது, நம் சங்கத்துக்கு மட்டும் தரிசனம் கொடுக்க வேண்டுமா? 2015 பிப்ரவரியில் இந்திய விலங்குகள் நல வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை உங்கள் ஃபைலிலும் இருக்கும், செல்லப்பிராணி வளர்ப்பதற்கு எந்தச் சங்கமும் தடை போட முடியாது என்று அதில் இருக்கிறது. தடை போடவில்லையே, பதிவுதானே கேட்கிறோம் என்பீர்கள். ருக்மிணி தேவி அருண்டேல் முன்னின்று 1962-இல் தொடங்கிய அந்த வாரியம் பல வருடம் நம் திருவான்மியூரில்தான் இருந்தது, அப்போதே ஒரு நடை போய், இப்படி நேரில் கொண்டுவரச் சொல்லலாமா என்று உங்களோடு சேர்ந்து கேட்டுவிட்டு வந்திருக்கலாம். இப்போது ஹரியானாவுக்குப் போய்விட்டது.

நேரில் பார்ப்பதில் உங்களுக்கு இவ்வளவு அக்கறை என்றால் பி பிளாக் லிஃப்டை ஒருநாள் நேரில் வந்து பாருங்கள், மூன்று மாதமாக நாலாம் மாடி வந்தால் நடுங்குகிறது, அதற்கு நான் எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப் என்று கத்துவதற்கு அபராதம் உண்டா? கார் பார்க்கிங்கில் ஒயரைக் கடிக்கிற எலிகள் எந்தப் பதிவேட்டில் இருக்கின்றன? வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், காலையில் ஆபீஸ் போகும்போது பூனை குறுக்கே போனால் என்ன ஆவது என்று கேட்டிருந்தார். ஐயா, மிளகு குறுக்கே போகுமளவுக்குத் தைரியம் வந்துவிட்டால் அன்று பிளாக் முழுக்க என் செலவில் மைசூர்பாகு.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நீங்களும் சம்பளமில்லாமல்தான் இந்த வேலையைப் பார்க்கிறீர்கள் என்று தெரியும். தயவுசெய்து நோட்டீஸில் 'நேரில் காட்டி' என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் எடுத்துவிடுங்கள். சான்றிதழ் போதாது, கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நிர்வாகிகளில் யாராவது ஒருவர் மட்டும் என் வீட்டுக்கு வாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், போனை சைலன்டில் போட்டுக்கொண்டு. தரையில்தான் உட்கார வேண்டியிருக்கும், பாய் விரித்து வைக்கிறேன். காபி தருகிறேன். டிவி பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு காது தெரிந்தாலும் தெரியும், தெரியாவிட்டால் இன்னொரு நாள் வாருங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக், மூன்றாம் மாடி