முடிச்சுப் போட்ட இடத்தில்தான் கயிறு அறும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் இரண்டு மரத்துக்கு நடுவே தொங்கவிட்டுப் படுக்கிற துணி ஊஞ்சலை வீட்டிலேயே செய்வது பற்றி அரைப் பக்கம் வந்ததை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். துணி வெட்டுவது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் தொங்கவிடும் கயிற்றைப் பற்றி ஒரே வரிதான், இரண்டு பக்கமும் நன்றாக இறுக்கி இழுத்து முடிச்சுப் போட வேண்டுமாம். அந்த வரியில் இரண்டு தப்பு இருக்கிறது, இரண்டுமே ஆளைக் கீழே தள்ளும் தப்பு.

தூத்துக்குடியில் கப்பல்களைக் கரையோடு கயிற்றால் கட்டி நிறுத்தும் வேலையில் 26 வருஷம் கயிறு பிடித்தவன் நான். கரையில் இருக்கும் இரும்புத் தூணில் மாட்டுகிற கப்பல் கயிற்றின் நுனியைக் கவனித்துப் பாருங்கள், அங்கே முடிச்சு இருக்காது. கயிற்றின் புரிகளை, அதாவது ஒன்றாக முறுக்கியிருக்கும் தனித்தனி இழைகளைப் பிரித்து, வளைத்து, அதே கயிற்றுக்குள் திரும்பச் சொருகி, வளையம் மாதிரி ஒரு கண் செய்திருப்பார்கள். கப்பல்காரர்கள் ஸ்ப்ளைஸ் என்பார்கள், நான் இங்கே புரி சொருகுதல் என்றே எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் முன்பு பக்கத்து வீட்டுத் தம்பி இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே ஊஞ்சல் கட்டினார். படுத்தால் குழியக்கூடாது என்று வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார். நாலாம் நாள் மதியம் அறுந்து இடுப்பில் அடி, மூன்று வாரம் படுக்கை. அந்தக் கயிற்றை வாங்கிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருந்தது, முடிச்சு தொடங்குகிற கழுத்தில் மட்டும் அறுந்து, நார்கள் உரசின சூட்டில் உருகிப் பளபளவென்று ஒட்டிக் கிடந்தன. முடிச்சில் கயிறு சட்டென்று மடங்குகிறது, வெளி வளைவில் உள்ள நார்கள் பாரத்தை எல்லாம் சுமக்க உள்பக்கத்து நார்கள் சும்மா நிற்கும். அதனால்தான் நல்ல முடிச்சிலேயே பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், சிலதில் பாதியே போகும். ஒழுங்காகப் புரி சொருகிய கண்ணில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பங்கு பலம் நிற்கும்.

இறுக்கி இழுப்பது அதைவிட மோசம். 70 கிலோ ஆள் படுக்கிறார் என்று வையுங்கள். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் ஏறினால் ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவை. 10 டிகிரி என்றால் 200 கிலோ, 5 டிகிரி என்றால் 400 கிலோ, அதுவும் அசையாமல் படுத்தால்தான், தொப்பென்று உட்கார்ந்தால் இன்னும் ஏறும். டிகிரி அளக்கக் கருவி வேண்டாம், மரத்தை நோக்கி ஐந்தடி போகிற கயிறு மூன்றடி ஏறினால் சரி. குழிந்து தொங்கினால் முதுகு வலிக்கும் என்று பயப்படுகிறவர்கள் துணியில் கொஞ்சம் குறுக்காகப் படுத்துப் பாருங்கள், உடம்பு நேராகிவிடும்.

சரி, சொருகுவது எப்படி? 10 மி.மீ. முப்புரி பாலியஸ்டர் கயிறு வாங்குங்கள். நைலானும் பலம்தான், ஆனால் நீளும், ஈரத்தில் பலமும் கொஞ்சம் குறையும். கடைகளில் தொங்கும் மலிவான பச்சை, நீலப் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், வெயிலில் கிடந்தால் நார் நாராக உதிரும். நுனியிலிருந்து ஒரு முழம் புரிகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் முனையையும் டேப் சுற்றுங்கள். கண்ணுக்கு வேண்டிய அளவு வளைத்து, நடுப் புரியை முழுக் கயிற்றின் ஒரு புரிக்கு அடியில் முறுக்குக்குக் குறுக்காக நுழையுங்கள். இடப்பக்கத்துப் புரி அதற்கு அடுத்த இடப்பக்கத்துப் புரிக்கு அடியில். இப்போது கயிற்றைத் திருப்புங்கள், மீதி இருக்கும் ஒரே புரிக்கு அடியில் மூன்றாவது, அதையும் வலமிருந்து இடமாகவே நுழைக்க வேண்டும். இந்தத் திருப்பத்தில்தான் புதுசாகச் செய்கிறவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். மூன்றும் ஒரே மட்டத்தில், ஒவ்வொரு இடைவெளியிலும் ஒன்றாக வெளியே வந்திருந்தால் செய்தது சரி, ஒரே சந்தில் இரண்டு வந்தால் பிரித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். அப்புறம் ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று போய்க்கொண்டே இருக்கலாம். மூன்று புரியையும் ஒரு தடவை நுழைத்தால் ஒரு சுற்று. இயற்கை நார்க் கயிறு என்றால் மூன்று சுற்று போதும், பாலியஸ்டரும் நைலானும் வழுக்கும், ஐந்து சுற்றாவது வேண்டும். முடித்ததும் காலடியில் போட்டு உருட்டினால் சமமாகப் படியும். கண் கொக்கியில் மாட்டப் போகிறதென்றால் உள்ளே இரும்புத் திம்பிள், அதாவது கயிறு தேயாமல் காக்கும் பள்ளம் வைத்த வளையம், வைத்துச் சொருகுங்கள்.

இப்போது டைனீமா என்று மெல்லிசான, உள்ளே கூடான பின்னல் கயிறு கிடைக்கிறது. அதில் சாதா முடிச்சுப் போட்டால் வழுக்கிக்கொண்டு உருவிவிடும், ஆகவே நுனியைக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே புதைக்க வேண்டும், விட்டத்தைப் போல் 72 மடங்கு நீளம். 3 மி.மீ. கயிற்றுக்கு ஏறக்குறைய ஒரு சாண். புதைக்கும் நுனியை மெலிதாக்கி, கழுத்தில் நாலு தையல் போட்டுவிடுங்கள், பாரம் இல்லாதபோது வெளியே நழுவாது.

மரத்தைச் சுற்றி ஒன்றரை அங்குல அகல பெல்ட் போடுங்கள், வெறும் கயிறு மரப்பட்டையை அறுத்து மரத்தைக் கெடுக்கும். தென்னையில் கட்டுகிறவர்கள் தயவுசெய்து முதலில் மேலே பாருங்கள், குலைக்கு நேர்கீழே தலை வைத்துப் படுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த இணைப்பில் இந்தச் சொருகலைப் படிப்படியாகப் படம் போட்டு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வார்த்தையில் எழுதினால் இவ்வளவுதான் புரியும், கையைப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் வந்துவிடும். படம் எடுக்க ஆள் அனுப்பினால் கயிறோடு காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி