மலிவான காப்புறுதி போதுமா?

ஆசிரியருக்கு,

குழந்தைப்பேறு சிகிச்சைக்காக இலங்கையிலிருந்து தமிழ்நாடு செல்வோர் பற்றிய தங்கள் கட்டுரை மருத்துவ விசா, செலவு எல்லாவற்றையும் சொன்னது. காப்புறுதி பற்றி மட்டும் ஒரே வரிதான் எழுதியிருந்தது. சாதாரண பயணக் காப்புறுதி திடீர் நோய்க்கும் விபத்துக்குமானது. திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சையையும் அதனால் வரும் சிக்கலையும் பெரும்பாலும் விலக்கிவிடும். சோதனைக்குழாய் முறையில் கருமுட்டை எடுக்கத் தரும் ஊசிகளால் சிலருக்குச் சூலகம் வீங்கி, வயிற்றில் நீர் கோர்த்து, மருத்துவமனையில் தங்க நேரிடும். என் அக்காவின் மகளுக்குச் சென்னையில் அதுதான் நடந்தது. 'சுற்றுலா' என்று போட்டு எடுத்த காப்புறுதி ஒரு சதமும் தரவில்லை. முகவர் பயண நோக்கத்தைக் கேட்கவே இல்லையாம்! சிகிச்சை விஷயத்தை ஊரில் மறைக்கிறோம், சரி. காப்புறுதிப் படிவத்திலும் மறைத்தால் நட்டம் நமக்குத்தான்.

காப்புறுதிக் கட்டணத்தைப் பார்க்குமுன் சிகிச்சைச் சிக்கல், கருவைக் கருப்பையில் வைக்கும் நாள் தள்ளிப்போனால் விமானச்சீட்டு மாற்றும் செலவு இரண்டும் அடங்குமா என எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எவையெவை அடங்காது என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் தரும்படி காப்புறுதி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கட்டாயப்படுத்தலாம்.

வாசகி,
உவர்மலை, திருகோணமலை