கதவு ஏன் உரிந்தது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன சித்திரையில் காசிமேட்டு வாடிக்கையாளர் ஒருவர் தன் வீட்டுத் தலைவாசல் கதவைப் பார்க்கக் கூப்பிட்டார். கிழக்குப் பார்த்த வீடு, எதிரே கடல். நாங்கள் வார்னிஷ் அடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கதவின் கீழ்ப்பாதி செதில் செதிலாக உரிந்து, உள்ளே தேக்கு சாம்பல் பூத்துக் கிடந்தது. சன்ஷேடு நிழல் விழும் மேல்பாதி மட்டும் அன்று அடித்தது போலவே பளபளத்தது. "மட்டமான வார்னிஷா போட்டீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிலை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

நல்ல வார்னிஷ்தான். ஆனால் அது கண்ணாடி மாதிரி, வெயிலை உள்ளே விட்டுவிடும். மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருப்பது லிக்னின் என்ற பொருள். மர எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால் லிக்னின் உடைகிறது. உடைந்தது மழையில் கரைந்து ஓடிவிட, வெறும் நார் மிஞ்சி மரம் சாம்பலாகத் தெரிகிறது. அந்தக் கதிர் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம்கூடப் போவதில்லை. ஆனால் வார்னிஷ் பிடித்து நிற்பதே அந்த மேல்தோலைத்தானே! தோல் நைந்தால் வார்னிஷும் கழன்றுவிடும்.

பெயின்ட் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தாத்தா காலத்து பர்மா தேக்கின் ரேகையை மூட யாருக்கு மனசு வரும்? அதனால்தான் வெயில் படும் கதவு, ஜன்னலுக்கெல்லாம் நானோ துகள் கலந்த பூச்சுக்கு மாறியிருக்கிறோம். துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெள்ளை பெயின்டில் சேர்க்கும் பொருட்கள்தான். அவற்றையே 100 நானோமீட்டருக்கும் (மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகளாக்கினால் வெள்ளை மறைந்து, மரத்தின் நிறம் அப்படியே தெரியும். புற ஊதாக் கதிரை மட்டும் துகள்கள் வாங்கிக்கொள்ளும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டால் கதவு பால் படிந்தது போல மங்கிவிடும். அதனால் ஒவ்வொரு டப்பாவையும் அடிவரை நன்றாகக் கலக்கிய பிறகே பிரஷ்ஷைத் தொடுகிறோம்.

டைட்டானியத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அனடேஸ் என்ற வகை, வெயில் பட்டால் பூச்சின் பிசினையே அரித்துவிடும். மேலே சிலிக்கா அல்லது அலுமினா பூசிய ரூட்டைல் வகைதான் கதவுக்கு ஏற்றது. வேறு கடையில் வாங்கினாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

விலை சாதா வார்னிஷைவிடக் கூடுதல். ஆயுளுக்கும் தாங்கும் என்று சொல்ல மாட்டோம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கொஞ்சம் கொஞ்சமாக நிறத்தை மாற்றத்தான் செய்யும். பழைய சாம்பல் தோலை உப்புத்தாள் போட்டு முழுக்க எடுக்காமல் அடித்தால் அத்தனை செலவும் வீண். அப்புறம், இந்தப் பூச்சை நீங்களே தேய்க்க வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. எங்கள் ஆட்கள் முகமூடி போட்டு, ஈரத்தோடு தேய்ப்பார்கள்.

காசிமேட்டுக் கதவைக் கூலி வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்தோம். நாங்கள் அடித்த வார்னிஷ் உங்கள் வீட்டில் இரண்டு வருஷத்துக்குள் உரிந்திருந்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்து முடித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பாலிஷ் கடையினர்,
பழைய வண்ணாரப்பேட்டை