எங்கள் பாப்பாவின் மூச்சைக் காத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். பாப்பா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், ஆனால் அவள் தூங்கும்போதெல்லாம் பக்கத்தில் போய் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்ததில் நாள் ஓடிவிட்டது.

30 வாரத்தில் பிறந்தவள், 1,340 கிராம். என் மனைவிக்கு பிரஷர் ஏறி, கடலூரில் அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். குழந்தைக்கு மூச்சுத் திணறல், உடனே புதுச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அந்த ராத்திரி 108 ஓட்டிய அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வழியில் எந்த வேகத்தடையிலும் குழந்தை குலுங்கவில்லை. உள்ளே இருந்த டெக்னீஷியன் தம்பி ஆக்ஸிஜன் எண்ணையும் குழந்தையின் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தபடியே வந்தார், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அந்தக் கவனமே எனக்குத் தைரியமாக இருந்தது.

அப்புறம் 41 நாள் என்.ஐ.சி.யூ, அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. மனைவி கடலூரில் படுத்திருந்ததால் முதல் ஆறு நாள் உள்ளே போய் வந்தது நான்தான். நெஞ்சில் மூன்று ஒயர், பாதத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்க சிவப்பு வெளிச்சத்தோடு ஒரு பட்டை, மூக்கில் காற்றை லேசான அழுத்தத்தோடு கொடுக்கும் சீபாப் குழாய். துடிப்பு நிமிடத்துக்கு 120லிருந்து 160, மூச்சு 40லிருந்து 60 இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆக்ஸிஜன் கொடுக்கும் வரைக்கும் ரத்தத்தில் அதன் அளவு 90க்கும் 95 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கட்டும், கூடினால் கண்ணின் விழித்திரைக்குக் கெடுதல் என்றார்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி அலாரம் அடித்தது. மூச்சு நின்று 20 விநாடி ஆகிவிட்டது, 150இல் இருந்த துடிப்பு மடமடவென்று 78க்கு வந்துவிட்டது. நான் திரையைப் பார்த்தபடி கை கால் ஓடாமல் நிற்கிறேன், நைட் டியூட்டி சிஸ்டரோ நேராகக் குழந்தையிடம் வந்து நிறத்தைப் பார்த்தார், கழுத்தை நேராக்கினார், உள்ளங்காலை விரலால் இரண்டு தடவை சுண்டினார். பாப்பா சிணுங்கினாள். எண் ஏறியது. அவ்வளவுதான், எல்லாம் அரை நிமிடத்துக்குள்.

“முதல்ல குழந்தையைப் பாருங்க சார், அப்புறம் மானிட்டரைப் பாருங்க” என்றார் அவர். காரணமும் சொன்னார். குழந்தை காலை உதைத்தால் பட்டை தப்பான எண் காட்டும். தொண்டை அடைத்துக்கொண்டாலோ, காற்று உள்ளே போகாவிட்டாலும் நெஞ்சு அசையும், அந்த அசைவை மெஷின் மூச்சு என்றே எண்ணிக்கொள்ளும். சிஸ்டர், நீங்கள் அன்றைக்குச் சொன்னதைத்தான் நாங்கள் வீட்டில் இன்றுவரை செய்கிறோம்.

டாக்டரம்மாவுக்கு நன்றி. குறைமாதக் குழந்தைக்கு மூச்சை நடத்தும் மூளைப்பகுதி இன்னும் முதிரவில்லை, கர்ப்பக் கணக்கில் 36, 37 வாரத்தை நெருங்கும்போது பெரும்பாலும் சரியாகிவிடும், அதுவரைக்கும் கஃபீன் மருந்து என்று பொறுமையாக விளக்கினீர்கள். காபியில் இருக்கும் அதே கஃபீன்தான் என்று கேட்டபோது நம்பவே முடியவில்லை. மருந்தை நிறுத்திய பிறகும் ஒரு வாரம் அலாரம் இல்லாமல் இருக்கட்டும் என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டீர்கள். அப்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை, மன்னித்துவிடுங்கள்.

தோல் புண்ணாகாமல் இருக்க அந்தப் பட்டையை மறக்காமல் கால் மாற்றிக் கட்டிய சிஸ்டர்கள், என் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சோடு சேர்த்து பாப்பாவைக் கட்டிவிட்ட அக்கா (துள்ளிக்கொண்டிருந்த துடிப்பு பத்து நிமிடத்தில் 140இல் அடங்கியதை என் கண்ணால் பார்த்தேன்), விடிகாலையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்த செக்யூரிட்டி ஐயா, ஒவ்வொரு தடவையும் கை கழுவினேனா என்று கேட்டே உள்ளே விட்ட துப்புரவு அம்மா, உங்களில் யாரையும் மறக்கவில்லை.

வீட்டில் மானிட்டர் கிடையாது. முதல் ராத்திரி நாங்கள் இருவரும் தூங்கவே இல்லை. நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி முழுசாக ஒரு நிமிடம் எண்ணுகிறோம், ஏனென்றால் இவள் மூச்சு ஐந்து விநாடி நின்று நின்று ஓடும், கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பிவிடும். நேற்று ராத்திரி 46.

செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனைக்கு வருகிறோம். நைட் டியூட்டி சிஸ்டர், அன்றைக்கு நீங்கள் இருந்தால் ஒரு நிமிடம் வெளியே வாருங்கள். இப்போது 2 கிலோ 600, நீங்களே தூக்கிப் பார்க்க வேண்டும்.